பண்டிகைக்கு யாரை அழைத்து வருகிறாய்?

வள்ளி திருமணம் நாடகத்தை விடிய விடிய உட்கார்ந்து பார்த்தவர்கள்தான் நாமெல்லாம். கடைசியில் வள்ளி முருகனைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்பது முன்வரிசையில் பாயில் தூங்கும் குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் ஒருவரும் எழுந்து போவதில்லை. கிழவர் வேடம் எப்போது வரும், யானை எப்போது வரும் என்று காத்திருப்போம். முடிவு தெரிந்த கதையில் மனதுக்கு ஒரு நிம்மதி உண்டு.

அமெரிக்கர்களுக்கும் அப்படி ஒன்று இருக்கிறது. அவர்களுடைய கிறிஸ்துமஸ் காதல் படங்கள்.

2022 குளிர்காலத்தை நானும் என் மனைவியும் கனடாவில், ஒட்டாவா நகரத்தில், மகள் வீட்டில் கழித்தோம். நாலரை மணிக்கே இருட்டிவிடும். வாசலில் முழங்கால் அளவு பனி. நடைப்பயிற்சி என்றால் சமையலறையிலிருந்து ஹாலுக்கும் ஹாலிலிருந்து சமையலறைக்கும்தான். பள்ளி விட்டு வந்ததும் பதினாறு வயதுப் பேத்தி ரிமோட்டைக் கையில் எடுப்பாள். நாங்கள் ஆளுக்கொரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு பக்கத்தில் உட்காருவோம். ஊர் திரும்புவதற்குள் முப்பது கிறிஸ்துமஸ் படமாவது பார்த்திருப்போம்.

முப்பதுக்கும் கதை ஒன்றுதான். பெரிய நகரத்தில் ஓயாமல் வேலை பார்க்கும் ஒருத்தி பண்டிகைக்குச் சொந்த ஊருக்கு வருவாள். ஊரில் ஒரு பேக்கரியோ பழைய விடுதியோ மூடப்படும் நிலையில் இருக்கும். கட்டம்போட்ட சட்டை அணிந்த ஒரு நல்லவன் மரம் வெட்டிக்கொண்டிருப்பான். முதலில் முறைத்துக்கொள்வார்கள். பிறகு சேர்ந்து பிஸ்கட் சுடுவார்கள். படம் முடிய இருபது நிமிடம் இருக்கும்போது ஒரு மனஸ்தாபம். கடைசியில் பனி பொழியும், முத்தம், சுபம்.

வாழ்த்து அட்டை விற்கும் ஹால்மார்க் நிறுவனத்தின் தொலைக்காட்சிதான் இதில் முன்னோடி. 2009 முதல் ஒவ்வோர் ஆண்டும் ‘கவுன்ட்டவுன் டு கிறிஸ்துமஸ்’ என்று பெயர் வைத்து வரிசையாகப் படம் போடுகிறார்கள். ஒரே பருவத்தில் நாற்பது புதுப் படங்கள் வரை வந்ததுண்டு. பெரும்பாலும் கனடாவில் எடுப்பார்கள். பாதிப் படங்களை எடுப்பது வெயில் காலத்தில். பனி செயற்கைப் பனி. நடிகர்கள் கம்பளிக் கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டே குளிர்வதுபோல் கையைத் தேய்ப்பார்கள். இது தெரிந்த பிறகு என் மனைவி ஒவ்வொரு படத்திலும் கதாநாயகியின் நெற்றியையே பார்ப்பாள்.

ஒருநாள் பேத்தி போட்ட படத்தில் பத்து நிமிடமாகியும் கதாநாயகி வரவில்லை.

“இதுல பொண்ணு எப்ப வருவா?” என்றாள் மனைவி.

“பொண்ணு கிடையாது பாட்டி. இந்த அண்ணாவும் அந்த அண்ணாவும்தான் ஜோடி.”

மனைவி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவளே கேட்டாள்: “சரி, அந்தப் பையனோட அம்மா நல்லவளா?”

இந்தக் கேள்வியைத்தான் இந்தப் பதிவு முழுக்க எழுதப் போகிறேன். நீங்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பது எனக்குத் தெரிகிறது. இந்த வயதில் இவருக்கு எதற்கு இந்த விஷயம் என்றும் தோன்றும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அந்தப் படத்தின் பெயர் ‘சிங்கிள் ஆல் தி வே’. 2021 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. ‘ஜிங்கிள்’ மணிப் பாட்டில் ஓர் எழுத்தை மாற்றி, ‘கடைசிவரை ஒண்டிக்கட்டை’ என்பதுபோல் வைத்த பெயர். பீட்டர் லாஸ் ஏஞ்சல்ஸில் விளம்பரத் துறையில் இருப்பவன். அவன் காதலித்தவனுக்கு ஏற்கெனவே மனைவி இருப்பது தெரியவருகிறது. இந்த வருடமும் தனியாகப் போய் நின்றால் வீட்டில் பரிதாபப்படுவார்களே என்று, தன் நெருங்கிய நண்பன் நிக்கைத் துணைக்கு அழைக்கிறான். “நீதான் என் காதலன் என்று சும்மா சொல்லிவைப்போம்” என்பது ஏற்பாடு. இருவரும் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்திலுள்ள பெற்றோர் வீட்டுக்குப் போகிறார்கள்.

போய் இறங்கினால், இவன் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொள்கிறாள். அவளே ஒரு வரன் பார்த்து வைத்திருக்கிறாள்! அவள் போகும் உடற்பயிற்சிக் கூடத்துப் பயிற்சியாளன். பெயர் ஜேம்ஸ். நல்ல உயரம், நல்ல பையன், உள்ளூர்க்காரன். “ஒருதடவை போய்ப் பேசிட்டு வாயேன், பிடிக்கலைன்னா விட்டுடலாம்” என்கிற தொனி. நம் வீட்டுப் பெண்பார்க்கும் படலத்தில் எத்தனை அம்மாக்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம்!

கேத்தி நஜிமி என்ற நடிகை அந்த அம்மாவாக வருகிறார். என் மனைவி அவரைப் பார்த்த மாத்திரத்தில் கட்சி சேர்ந்துவிட்டாள். படத்தில் சண்டை என்று ஒன்று இருக்குமானால், அது பீட்டர் ஆணை விரும்புவதைப் பற்றியது அல்ல. அது அந்த வீட்டில் எப்போதோ பேசி முடிந்த விஷயம். எந்த ஆண் என்பதுதான் தகராறு. அம்மாவுக்கு ஜேம்ஸ். அப்பாவுக்கும் உடன்பிறந்தவர்களின் பிள்ளைகளுக்கும் நிக். இத்தனை வருடம் கூடவே இருப்பவனை விட்டுவிட்டு வெளியில் தேடுகிறானே என்று அவர்களுக்கு ஆதங்கம். இரண்டு கட்சியும் ஆளுக்கொரு சதி செய்கிறார்கள். அத்தை ஒருத்தி தேவாலயத்தில் பிள்ளைகளை வைத்துக் கிறிஸ்து பிறப்பு நாடகம் போட்டு அமர்க்களம் பண்ணுகிறாள்.

முடிவை நான் சொல்ல வேண்டியதில்லை. வள்ளி திருமணம்தான்.

படம் முடிந்ததும் மனைவி சொன்ன விமர்சனம் இவ்வளவுதான்: “யாரும் அழலையே. நல்லா இருக்கு.”

அந்த ‘யாரும் அழலையே’ என்ற சொல் எனக்குள் உட்கார்ந்துகொண்டது. ஏனென்றால் இந்த மனிதர்களைப் பற்றிய கதை என்றாலே அழுகையும் சாவும்தான் என்று நெடுங்காலம் இருந்திருக்கிறது. (செய்தித்தாள்கள் அவர்களைக் குறிக்க ஒரு சொல் வைத்திருந்தன, உங்களுக்கும் தெரியும். அது உடம்பைத்தான் பேசும். இப்போது ‘தன்பாலீர்ப்பு’ என்கிறார்கள். மனசையும் சேர்த்துச் சொல்வதால் எனக்கு இந்தச் சொல் பிடித்திருக்கிறது.)

ஹாலிவுட்டில் 1934 முதல் 1968 வரை ஒரு தணிக்கை விதித்தொகுப்பு நடைமுறையில் இருந்தது. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் காதலிப்பதைக் காட்டவே கூடாது என்பது அதில் ஒரு விதி. சாடைமாடையாகக் காட்டினால், அந்தப் பாத்திரம் வில்லனாக இருக்கும், அல்லது பைத்தியமாகும், அல்லது செத்துப்போகும். விதி போன பிறகும் பழக்கம் போகவில்லை. வீட்டோ ருஸ்ஸோ என்பவர் ஹாலிவுட் இவர்களை எப்படிக் காட்டியது என்று ஒரு புத்தகமே எழுதினார். அதன் பிற்பதிப்பில், எந்தப் படத்தில் யார் எப்படிச் செத்தார்கள் என்று ஒரு மரணப் பட்டியல் சேர்த்திருக்கிறார்.

இந்தப் பழக்கத்தை முதலில் உடைத்தவற்றில் ஒன்று ஒரு கிறிஸ்துமஸ் சமயத்தில்தான் பிறந்தது. 1948 டிசம்பர். நியூயார்க்கில் ப்ளூமிங்டேல்ஸ் என்ற பெரிய கடை. பொம்மைப் பிரிவில் பண்டிகைக் கூட்டத்துக்காக எடுத்த தற்காலிக விற்பனைப் பெண்களில் ஒருத்தி பாட்ரீசியா ஹைஸ்மித். பின்னாளில் குற்றப் பின்னணிக் கதைகளுக்குப் புகழ்பெற்றவர். ஒருநாள் விலையுயர்ந்த ரோமக் கோட்டு அணிந்த ஒரு பெண்மணி பொம்மை வாங்க வந்தார். முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான் நடந்தது. அன்று மாலையே வீட்டுக்குப் போய் ஹைஸ்மித் ஒரு நாவலின் கதைச் சுருக்கத்தை எழுதி முடித்தார்.

அது 1952-இல் ‘தி பிரைஸ் ஆஃப் சால்ட்’ என்ற பெயரில் வந்தது. பொம்மைக் கடைப் பெண்ணும் அந்தப் பெண்மணியும் காதலிக்கும் கதை. சொந்தப் பெயரைப் போட அவருக்குத் துணிவு வரவில்லை. கிளேர் மார்கன் என்று புனைபெயர். கதையின் முடிவில் இரண்டு பெண்களும் சாகவில்லை, பிரியவும் இல்லை. சேர்ந்து வாழலாம் என்ற நம்பிக்கையோடு முடிகிறது. இந்த ஒரே காரணத்துக்காக வாசகர்களிடமிருந்து கட்டுக்கட்டாகக் கடிதங்கள் வந்தனவாம். தன் பெயரில் அந்த நாவலை வெளியிட அவருக்கு 1990 வரை ஆனது. 2015-இல் ‘கரோல்’ என்ற படமாகவும் வந்தது. அது நகைச்சுவைப் படம் இல்லை. ஆனால் இன்றைய படங்களுக்கெல்லாம் பாட்டி என்று அதைச் சொல்லலாம்.

பாட்டி பிறந்து ஐம்பது வருடம் கழித்தும் பேரப்பிள்ளைகள் பிறக்கவில்லை. 2003-இல் வந்த ‘லவ் ஆக்சுவலி’ என்ற ஆங்கிலப் படத்தை டிசம்பர் வந்தால் உலகமெங்கும் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். அதில் ஒன்பது பத்துக் காதல் கதைகள். அவற்றோடு சேர்த்து, கண்டிப்பான ஒரு தலைமையாசிரியையும் அவருடைய துணையான பெண்ணும் வரும் பகுதியையும் எடுத்திருந்தார்கள். படத்தின் நீளத்தைக் குறைத்தபோது அது வெட்டுப்பட்டது. அந்தக் கதையில் துணைவிக்கு நோய். கடைசியில் இறந்துபோகிறார். வெட்டுப்படாமல் இருந்திருந்தாலும் சாவுதான்!

அடுத்த வருடம் நடந்தது இன்னும் வேடிக்கை. 2004-இல் ஒரு கிறிஸ்துமஸ் படத்தை இரண்டு தடவை எடுத்தார்கள். ஒன்றில் கதாநாயகிப் பெண்ணுக்கு இரண்டு அப்பாக்கள். இன்னொன்றில் வழக்கம்போல் ஓர் அம்மா, ஓர் அப்பா. ஒன்று தன்பாலீர்ப்புள்ளவர்களுக்கான சேனலுக்கு, மற்றது எல்லோருக்குமான சேனலுக்கு. அதே வீடு, அதே மரம், அதே சாண்டா கிளாஸ். உட்கார்ந்திருக்கும் ஆள் மட்டும் வேறு. எனக்கு இது பந்தியில் இலை மாற்றிப் போடுவதுபோல் இருந்தது.

2009-இல் சிறு செலவில் வந்த ‘மேக் தி யூல்டைட் கே’ படத்தில் கல்லூரி மாணவன் ஒருவன் கல்லூரியில் ஒளிவுமறைவில்லாமல் இருப்பான். பண்டிகைக்கு விஸ்கான்சினில் உள்ள வீட்டுக்குக் கிளம்பும்போது சட்டையோடு ஆளும் மாறிவிடுவான். காதலன் திடீரென்று வாசலில் வந்து நிற்க, ‘ரூம்மேட்’ என்று அறிமுகம் செய்துவைப்பான். அந்த ஒரு சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2015 ஜூன் 26 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் இவர்களுடைய திருமணம் நாடு முழுக்கச் செல்லும் என்றது. சட்டம் வந்துவிட்டது. ஆனால் கிறிஸ்துமஸ் படத்துக்குள் நுழைய இன்னும் ஐந்து வருடம் பிடித்தது. நடுவில் ஒரு கூத்து. 2019 டிசம்பரில் ஹால்மார்க் சேனலில் கல்யாண ஏற்பாடுகள் செய்யும் ஜோலா நிறுவனத்தின் விளம்பரம் வந்தது. அதில் இரண்டு மணப்பெண்கள் முத்தமிட்டுக்கொள்கிறார்கள். ஒரு பழைமைவாத அமைப்பு ஆட்சேபித்தது. சேனல் விளம்பரத்தை நிறுத்தியது. உடனே எதிர்ப்பக்கத்திலிருந்து கூச்சல். சில நாட்களுக்குள் சேனல் மன்னிப்புக் கேட்டு முடிவை மாற்றிக்கொண்டது.

மறுவருடமே மடை திறந்தது. 2020-இல், ஊரெல்லாம் முகக்கவசம் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் கிடந்த அந்த டிசம்பரில், இந்த ரகப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஹால்மார்க்கின் ‘தி கிறிஸ்துமஸ் ஹவுஸ்’ படத்தில் ஒரு தம்பதி, இருவரும் ஆண்கள், குழந்தையைத் தத்தெடுக்கும் செய்திக்காகத் தொலைபேசியருகில் காத்திருக்கிறார்கள். லைஃப்டைம் சேனலின் ‘தி கிறிஸ்துமஸ் செட்டப்’ படத்திலும் வரன் பார்ப்பது அம்மாதான். அதில் ஜோடியாக நடித்த பென் லூயிஸும் பிளேக் லீயும் நிஜ வாழ்க்கையிலும் தம்பதி. கதை நடப்பது மில்வாக்கியில். எடுத்தது நாங்கள் இருந்த ஒட்டாவாவில். பேத்திக்கு அதில் ஒரே பெருமை.

அதே வருடம் வந்த ‘ஹேப்பியஸ்ட் சீசன்’ படத்தைத்தான் நாங்கள் மூவரும் சத்தமில்லாமல் பார்த்தோம். கிளியா டுவால் என்ற பெண் இயக்கியது. தியேட்டருக்காக எடுத்து, கொரோனாவால் ஹூலு இணையதளத்துக்குப் போன படம்.

ஆபி, ஹார்ப்பர் என்று இரண்டு பெண்கள். பிட்ஸ்பர்க்கில் சேர்ந்து வாழ்பவர்கள். ஆபிக்குப் பெற்றோர் இல்லை. அதனால் கிறிஸ்துமஸ் என்றாலே பிடிக்காது. “எங்க வீட்டுக்கு வா” என்று ஹார்ப்பர் ஓர் ஆசையில் அழைத்துவிடுகிறாள். ஆபியும் மோதிரம் வாங்கி ஒளித்துவைத்துக்கொண்டு கிளம்புகிறாள். பண்டிகைக் காலையில் கல்யாணத்துக்குக் கேட்க வேண்டும், அதற்குமுன் அவளுடைய அப்பாவிடம் சம்மதம் வாங்க வேண்டும் என்று திட்டம். பாதி வழியில் காரை ஓரம்கட்டிவிட்டு ஹார்ப்பர் உண்மையைச் சொல்கிறாள். வீட்டில் அவள் இதுவரை எதுவும் சொல்லவில்லை. அப்பா மேயர் தேர்தலில் நிற்கிறார், இப்போது சொல்ல முடியாது. ஐந்து நாளைக்கு நீ என் ரூம்மேட்டாக இரு.

அதன்பிறகு வருவதெல்லாம் நகைச்சுவை என்றுதான் பெயர். “அய்யோ, அம்மா அப்பா இல்லாத பெண்ணா?” என்று ஆளாளுக்கு ஆபியைப் பார்த்து உச்சுக்கொட்டுகிறார்கள். படுக்க ஹார்ப்பர் மாடியில், இவள் கீழ்த்தளத்தில். குடும்ப விருந்துக்கு ஹார்ப்பரின் பழைய நண்பனைக் கூப்பிட்டு அவள் பக்கத்தில் உட்காரவைக்கிறார்கள். ஆபி மேசையின் கோடியில். தன் மனைவியாகப் போகிறவளின் வீட்டில், பண்டிகை நாளில், பரிதாபத்துக்குரிய விருந்தாளி.

மனைவி அப்போதுதான் மெதுவாகச் சொன்னாள்: “நம்ம சாரும் டிராயிங் மாஸ்டரும் மாதிரி.”

அவள் யாரைச் சொன்னாள் என்று எனக்குப் புரிந்தது. என்னோடு வங்கியில் வேலை பார்த்தவர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். பெயரும் ஊரும் வேண்டாம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தின் ஓவிய ஆசிரியரோடு ஒரே வீட்டில் முப்பத்தோரு வருடம் இருந்தார். இவர் சமைப்பார், அவர் துணி தேய்ப்பார். சாயங்காலம் இரண்டு நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு நடுவே இருந்தது என்ன என்று எனக்குத் தெரியாது. அவர்கள் சொன்னதில்லை, ஊரும் கேட்டதில்லை. சொல்லாததை நான் பெயர் வைத்து எழுதவும் மாட்டேன்.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஒவ்வொரு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முதல்நாள் இருவரும் சேர்ந்து பேருந்து நிலையம் போவார்கள். ஒருவர் தெற்கே போகும் வண்டியில் ஏறுவார், மற்றவர் வடக்கே போகும் வண்டியில். ஒரு பொங்கலுக்கு மறுவாரம் மதியச் சாப்பாட்டின்போது நான் பேச்சுவாக்கில், “பண்டிகையெல்லாம் எப்படிப் போச்சு சார்?” என்றேன். டிபன்பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னார்: “எல்லாருக்கும் பண்டிகைன்னா சேர்றது. நமக்குப் பண்டிகைன்னா ரெண்டு பஸ்.”

அவர் மாரடைப்பில் போனபோது சொந்தக்காரர்கள் வந்து உடலை ஊருக்கு எடுத்துப் போனார்கள். வேனில் இடமில்லை என்றார்கள். நாங்கள் வங்கிக்காரர்கள் ஒரு கார் பிடித்தோம். “நீங்களும் வாங்க மாஸ்டர்” என்றோம். அவர் கேட்கவில்லை. “நான் பஸ்ல வர்றேன்” என்று போய்விட்டார். அங்கே கொள்ளி வைத்தது தம்பி மகன். மாஸ்டர் எங்களோடு கூட்டத்தில் நின்றார்.

இதை இங்கே எழுதுவதற்குக் காரணம், அந்த நூற்றுச் சொச்சம் நிமிடப் படம் எதைப் பற்றியது என்று எனக்கு அதன்பிறகு தெளிவாகிவிட்டது. காதலுக்குப் பண்டிகை தேவையில்லை. அது செவ்வாய்க்கிழமையிலும் நடக்கும். பண்டிகையன்று முடிவாவது வேறொன்று: பந்தியில் யாருக்கு இடம், புகைப்படத்தில் யார் நிற்கலாம், மாடியில் எந்த அறை. கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வீடுகளில் கணப்படுப்புக்கு மேலே பெயர் எழுதிய காலுறைகளைத் தொங்கவிடுவார்கள், ஆளுக்கு ஒன்று. புதிதாக ஒரு காலுறை தொங்கினால் ஒருவர் அந்த வீட்டுக்காரர் ஆகிவிட்டார் என்று பொருள். இந்தப் படங்கள் எல்லாமே அந்த ஒரு காலுறையைப் பற்றியவை.

‘ஹேப்பியஸ்ட் சீசன்’ படத்தில் ஆபியின் நண்பன் ஜான் ஓரிடத்தில் சொல்லும் விஷயம் எனக்குப் பெரிதாகப் பட்டது. ஆபி வீட்டில் சொன்னபோது அவள் பெற்றோர் அன்போடு ஏற்றுக்கொண்டார்கள். ஜான் சொன்னபோது அவன் அப்பா அவனை வெளியே துரத்திவிட்டு, பதின்மூன்று வருடம் பேசவில்லை. சொல்வதற்குமுன் ஒவ்வொருவருக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளும், எந்த வீட்டில் எது நடக்கும் என்று முன்கூட்டித் தெரியாது என்கிறான். ஆபி இப்படிப்பட்டவளை விட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் பலர் கோபப்பட்டார்களாம். என் பேத்தியும் அந்தக் கட்சிதான். என் மனைவி ஹார்ப்பர் கட்சி. “பயந்தவளை என்ன பண்றது? சொல்றதுக்கு அவளுக்கும் நேரம் வேணுமில்ல?” என்றாள். இரண்டு பேருக்கும் சாப்பாட்டு மேசையிலும் விவாதம் தொடர்ந்தது. கடைசியில் மகள் வந்து ரசத்தை வைத்துத்தான் நிறுத்தினாள்.

குறைகளும் சொல்லத்தான் வேண்டும். இந்தப் படங்களில் எல்லோரும் அழகர்கள். வீடு என்றால் அரண்மனை. வாடகை பற்றிப் பேசுபவர் இல்லை. நாங்கள் பார்த்த எதிலும் கதாநாயகர்களுக்கு நாற்பது ஐம்பது வயதுக்குமேல் இல்லை. வாசலில் இரண்டு நாற்காலி போட்டு உட்காரும் வயதில் ஒரு ஜோடியை யாராவது காட்டினால் நான் ராத்திரி கண்விழித்துப் பார்ப்பேன். இன்னொன்று, சந்தைக்கணக்கு. பார்க்க ஆள் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் எடுத்தார்கள். அதனால் என்ன? தீபாவளிக்கு ஜவுளிக்கடைக்காரர் லாபத்துக்குத்தான் விற்கிறார், நாம் சந்தோஷமாகத்தான் உடுத்துகிறோம்.

நாங்கள் அங்கே இருந்த டிசம்பரில் ஹால்மார்க்கில் ‘தி ஹாலிடே சிட்டர்’ வந்தது. அந்த சேனலின் கிறிஸ்துமஸ் படத்தில் முதன்மைக் காதல் ஜோடியாக இரண்டு ஆண்கள் வந்தது அதுதான் முதல் தடவை. அக்கா பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்து திண்டாடும் ஒருவன், உதவிக்கு வரும் பக்கத்து வீட்டுக்காரன். சமையல் தீய்கிறது, பிள்ளைகள் படுத்துகிறார்கள், பனி பெய்கிறது, சுபம். சுமாரான படம். பாதியில் நான் தூங்கிவிட்டேன். எழுந்து பார்த்தபோது மனைவியும் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒருகாலத்தில் தணிக்கை செய்த கதை, மரணப் பட்டியல் போட்ட கதை, இன்றைக்கு இரண்டு கிழங்கள் சோபாவில் தூங்கிப்போகும் அளவுக்குச் சாதாரணமாகிவிட்டது. ஹைஸ்மித்துக்குக் கடிதம் எழுதியவர்கள் கேட்டதும் இதைத்தானே?

நம் நாட்டில் 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் இது குற்றமில்லை என்றது. 2021-இல் பெற்றோருக்குப் பயந்து மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்களின் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்தது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தை நான் முதலில் புரிந்துகொள்ள வேண்டும் என்று தாமே ஓர் உளவியல் நிபுணரிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு தீர்ப்பு எழுதினார். 2023 அக்டோபரில் திருமணத்துக்கு அங்கீகாரம் தர உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. சட்டம் அதன் வேகத்தில் போகும். அது வாசற்படி வரைதான் வரும். படிக்கு இந்தப் பக்கம் நாம்தான்.

மாஸ்டருக்கு இப்போது எழுபத்தாறு வயது. கண்புரை எடுத்திருக்கிறார், மற்றபடி திடமாக இருக்கிறார். ஊர் திரும்பியதிலிருந்து பொங்கலுக்கு மனைவி அவரைக் கூப்பிட்டுவிடுகிறாள். போன பொங்கலுக்கு எங்கள் வாசலில் மாக்கோலத்துக்கு அவர்தான் கோடு இழுத்துக் கொடுத்தார்.

வாசக நண்பர்களே, நம் வயதுக்காரர்கள் வீட்டில்தான் பண்டிகை நடக்கிறது. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நம்மிடம்தான் வருகிறார்கள். என்றைக்காவது அவர்களில் ஒருவர் போனில், “இந்தத் தடவை என்னோட ஒருத்தர் வர்றார்” என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தலாம். அந்த இடைவெளியில் அங்கே ஒரு நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும். நாம் கேட்க வேண்டியது எந்த ரயில், எத்தனை மணிக்கு, காலையில் இட்லிக்கு எத்தனை பேருக்கு மாவு அரைக்க என்பதைத்தான். மற்றதெல்லாம் சாப்பிட்ட பிறகு பேசிக்கொள்ளலாம்.